போனிலேயே தேவாரம் பதிவு செய்ய – காசை எதில் போடலாம், எதில் போடவே கூடாது?

தாம்வேக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். யாங்கோனில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் கேட்டுப் பழகுவதற்காக 12 தேவாரப் பதிகங்களைப் பதிவு செய்ய வேண்டும். பாடுபவர்கள் இரண்டு பேர். சுருதி ஐயாவுக்கு 1 கட்டை, டீச்சருக்கு 5 கட்டை. கூட ஆர்மோனியம், ஜால்ரா. ஸ்டுடியோவுக்குப் போக வசதியில்லை. மொத்தச் செலவு ஒன்றரை லட்சம் கியாட்டுக்குள் முடிய வேண்டும்.

கையில் இருப்பவை: இரண்டு ஆண்ட்ராய்டு போன் (ஒன்றில் ஹெட்போன் ஓட்டை உண்டு, மற்றதில் யூஎஸ்பி-சி மட்டும்), 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப், அதில் ஆடாசிட்டி (ஒலியைத் திருத்துகிற மென்பொருள்).

சோதனைப் பதிவில் கண்ட கோளாறுகள்:

1. இரண்டாவது மாடி வீடு, நீளமான அறை, சிமெண்ட் சுவர். கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கிறது.
2. கரண்ட் இருந்தால் பின்னால் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். கரண்ட் போனால் பக்கத்துக் கட்டட ஜெனரேட்டர்.
3. ஆர்மோனிய சுருதி தொடங்கும்போது நன்றாகக் கேட்கிறது, சில நொடிகளில் தேய்ந்து காணாமல் போகிறது, பிறகு திரும்ப வருகிறது.
4. ஜால்ரா விழும்போதெல்லாம் குரல் ஒரு நொடி அமுங்குகிறது.
5. ‘ப’ வரும் இடமெல்லாம் ‘புஃப்’ என்று வெடிக்கிறது.

பிஎம்-800 மைக் செட் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். வாங்கலாமா?

*

ஈயக்கம்பி எழுதியது:

வாங்காதீர்கள். நீங்கள் சொன்ன ஐந்தில் ஒன்றுகூட அந்த மைக்கால் தீராது, ஆறாவதாக ஒன்று சேரும்.

பிஎம்-800 என்ற பெயரில் பல கம்பெனிச் சரக்கு வருகிறது. எல்லாமே கண்டென்சர் வகை. ஒழுங்காக வேலை செய்ய 48 வோல்ட் மின்சாரத்தை அதற்கு ஊட்ட வேண்டும். செட்டோடு தருகிற 3.5 மிமீ வயரை லேப்டாப்பில் செருகினால் 2, 3 வோல்ட்தான் போகும். சத்தம் சன்னமாக வரும், ஏற்றினால் ‘ஸ்ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் சேர்ந்து ஏறும். அப்புறம் அதற்கு 48 வோல்ட் பெட்டி, லேப்டாப்போடு இணைக்க இன்டர்ஃபேஸ், அதற்கு வயர் என்று செலவு நீளும்.

உங்கள் 3, 4 இரண்டும் மைக்கின் கோளாறே இல்லை. போனுக்குள் நடக்கிற வேலை.

ஆர்மோனியம் தேய்வது இரைச்சல் நீக்கியால். பேச்சுக்காகச் செய்த கருவி அது. மாறாமல் ஒரே சீராக வருகிற சத்தம் எதுவானாலும் ஃபேன், ஏசி என்று நினைத்துக் கழித்துவிடும். சுருதி என்பதே மாறாமல் வருகிற சத்தம்தானே, அதையும் குப்பையோடு சேர்த்துக் கூட்டித் தள்ளுகிறது. தம்பூரா ஆப் போட்டாலும் இதே கதிதான்.

ஜால்ராவில் குரல் அமுங்குவது தானியங்கி ஒலி அளவால். திடீரென்று ஒரு பெரிய சத்தம் வந்தால் போன் மொத்தத்தையும் இறக்கி, மெல்ல மெல்ல ஏற்றும். ஜால்ரா அடி ஒவ்வொன்றும் அதற்கு ஓர் அதிர்ச்சி.

செய்ய வேண்டியது:

போனோடு வந்த ரெக்கார்டர் ஆப்பை விடுங்கள். மைக் மூலத்தைத் தேர்ந்தெடுக்க விடுகிற ரெக்கார்டர் ஆப் ஒன்றைப் போடுங்கள். இலவசமாகவே கிடைக்கிறது. அமைப்புகளில் ‘அன்ப்ராசஸ்டு’ அல்லது ‘ரா’ என்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டு 7-லிருந்து இந்த வசதி உண்டு, ஆனால் எல்லாப் போன் கம்பெனியும் தருவதில்லை. இல்லாவிட்டால் ‘வாய்ஸ் ரெகக்னிஷன்’ மூலத்தைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலான போன்களில் அதில் கைவைப்பு குறைவு. ‘நாய்ஸ் சப்ரஷன்’, ‘ஆட்டோ கெயின்’, ‘எக்கோ கேன்சல்’ மூன்றும் அணைந்திருக்கட்டும்.

சோதிப்பது சுலபம். ஆர்மோனியத்தில் ஸ மட்டும் பிடித்துக்கொண்டு 30 நொடி பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டியில் திறந்தால் அலை முதலிலிருந்து கடைசிவரை ஒரே தடிமனில் இருக்க வேண்டும். வால்போல் மெலிந்தால் நீக்கி இன்னும் ஓடுகிறது. (துருத்தி போடுவதில் வருகிற சிறு ஏற்ற இறக்கம் வேறு, அது கண்ணுக்கே தெரியும்.)

கோப்பு வகை வேவ், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ. நிமிடத்துக்கு 5.3 எம்பி. பதிகம் ஒன்றுக்கு 15 நிமிடம் என்று வைத்தால் 12-க்கும் சேர்த்து 1 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று தடவை பாடிப் பதிந்தாலும் 3 ஜிபி. இடத்துக்குப் பயந்து எம்பி3-யில் பதியாதீர்கள்.

அளவு: பாட்டிலேயே உரக்கப் பாடுகிற வரியைப் பாடச் சொல்லி, அளவு காட்டும் முள் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6-க்கும் நடுவில் நிற்கும்படி வையுங்கள். 0-வைத் தொட்டால் அந்த இடம் போயே போச்சு, எந்த மென்பொருளும் முழுசாக மீட்காது. சன்னமாக இருந்தால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

போனை ஏரோப்ளேன் மோடில் போட மறக்காதீர்கள். உறையைக் கழற்றுங்கள், மலிவு உறைகளில் மைக் ஓட்டை பாதி மூடியிருக்கும்.

அந்த ‘ம்ம்ம்’ பற்றி: வீட்டில் ஸ்டெபிலைசர் இருக்கிறதா?

*

தாம்வேக்காரன் எழுதியது:

இருக்கிறது அண்ணே. பதிவு செய்த அறையிலேயே, அலமாரி மேலே.

*

ஈயக்கம்பி எழுதியது:

அதுதான். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஸ்டெபிலைசருக்குள் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அதிரும், ஆகவே முனகல் 100 ஹெர்ட்ஸில் வரும். மர அலமாரி மேல் வைத்தால் அலமாரியும் சேர்ந்து பாடும்.

இதைப் பிறகு ஃபில்டரால் எடுத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். ஐயாவின் 1 கட்டைக்கு ஸ சுமார் 131 ஹெர்ட்ஸ், மந்தர ப 98. முனகல் 100. ஸ்டெபிலைசரை வெட்டினால் ஐயாவின் கீழ்ப் பஞ்சமமும் சேர்ந்து போகும். டீச்சருக்கு அந்தத் தொல்லை இல்லை, 5 கட்டைக்கு மந்தர ப 147-ல் இருக்கிறது, 120-க்குக் கீழே தாராளமாக வெட்டலாம்.

பதிகிற நேரத்துக்கு மெயினையே இறக்கிவிடுங்கள். ஃப்ரிட்ஜ், ஃபேன், ஸ்டெபிலைசர் மூன்றும் ஒரே அடியில் ஓயும். போனும் லேப்டாப்பும் பேட்டரியில் ஓடட்டும். சார்ஜர் செருகியபடி வயர் மைக் போட்டால் வேறொரு கரகர சத்தம் வரும், அதுவும் வேண்டாம்.

*

மோல்மேன் சுருதிப்பெட்டி எழுதியது:

ஈயக்கம்பி அண்ணன் போனைக் கவனித்துவிட்டார். நான் அறையைச் சொல்கிறேன், ஏனென்றால் கிணற்றுச் சத்தத்தை எந்த மைக்கும் எந்த ஆப்பும் தீர்க்காது.

முதலில் தூரம். இதற்குக் காசே வேண்டாம். வாயிலிருந்து மைக்குக்கு உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் ஏறும், அறையின் எதிரொலியும் ஜெனரேட்டரும் இருந்த இடத்திலேயே இருக்கும். 60 செமீ தள்ளி வைத்த போனை 15 செமீக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல் லாபம். பல பேர் போனை ஆர்மோனியத்தின் மேல் சாய்த்து வைத்துவிட்டு மைக் சரியில்லை என்கிறார்கள். ஆர்மோனியத்தின் மேல் வைப்பது இன்னொரு விதத்திலும் தவறு: துருத்தியின் தட்டலும் கட்டை விழும் சத்தமும் பலகை வழியாகவே போனுக்குள் ஏறும். ஸ்டூல் ஒன்றின் மேல் நாலாக மடித்த துவாலை, அதன் மேல் போன், மைக் ஓட்டை இருக்கிற அடிப்பக்கம் பாடுபவரைப் பார்த்து. வாய் மட்டத்துக்கு வருகிற உயரம். ஒரு சாண் தூரம் வைத்துத் தொடங்குங்கள்.

‘ப’ வெடிப்புக்கு நல்ல சோதனை வரி சுந்தரர் தந்திருக்கிறார். ‘பித்தா பிறைசூடீ’ என்ற தொடக்கத்தைப் பாடச் சொல்லி, மைக் இருக்கப்போகிற இடத்தில் உள்ளங்கையை வையுங்கள். கையில் காற்று பட்டால் மைக்கிலும் படும். வாய்க்கு நேர் எதிரே இருந்து பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே போனால், காற்று படாமல் சத்தம் மட்டும் வருகிற ஓர் இடம் கிடைக்கும். பெரும்பாலும் வாயின் ஓரத்திலிருந்து 30, 45 டிகிரி. மைக்கின் இடம் அதுதான். அப்படியும் வெடித்தால் எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் ஸ்டாக்கிங்ஸை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டி, மைக்குக்கு 5 செமீ முன்னால் நிறுத்துங்கள். கடையில் விற்பதும் இதேதான்.

இனி அறை. யாங்கோன் மாடி வீடுகள் முன்னால் தெருப் பார்த்த பால்கனி, பின்னால் சமையல்கட்டுச் சந்து, நடுவில் ஜன்னலே இல்லாத அறை என்றுதான் இருக்கும். அந்த நடு அறைதான் உங்கள் ஸ்டுடியோ. ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளை இரண்டு சுவரிலும் நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். பாடுபவர் முதுகை மூலைக்குக் காட்டி உட்கார வேண்டும். அவர் பார்க்கிற பக்கம், மைக்குக்கு அப்பால் ஒரு மீட்டரில், கொடி கட்டித் தடித்த கம்பளியை இரண்டாக மடித்துத் தொங்கவிடுங்கள். கீழே ஜமுக்காளம் அல்லது இன்னொரு மெத்தை. ஒரு தட்டு கைதட்டிப் பாருங்கள். ‘ட்ர்ர்’ என்று உலோகம்போல் அதிர்ந்தால் எந்த இரண்டு வெற்றுச் சுவர் நேருக்கு நேர் நிற்கிறது என்று பார்த்து ஒன்றை மூடுங்கள்.

கம்பளியைச் சுவரோடு ஒட்டித் தொங்கவிடாதீர்கள். சுவரிலிருந்து 10 செமீயாவது விலகி இருக்கட்டும். சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைவதே இல்லை, அசையாத காற்றைத் துணி பிடிக்க முடியாது. விலக்கி வைத்தால் உச்சி ஒலியிலிருந்து சுமார் 850 ஹெர்ட்ஸ்வரை கீழே இறங்கி நன்றாகப் பிடிக்கும், ஒட்டி வைத்தால் உச்சி ஒலியை மட்டும் தின்றுவிட்டு, ‘கொம்’ என்ற அடைப்பை அப்படியே விட்டுவிடும். மெல்லிய கைலி, சேலை, முட்டை அட்டை எல்லாம் மனத் திருப்திக்கு. முட்டை அட்டை ஒட்டிச் சுவரைக் கெடுத்ததுதான் மிச்சமாகும்.

ஒன்றைக் கலந்துவிடாதீர்கள்: மெத்தையும் கம்பளியும் உள்ளே இருக்கிற எதிரொலியைக் குடிக்கும், வெளியே இருக்கிற ஜெனரேட்டரைத் தடுக்காது. தடுக்கக் கனமான கதவு, அடைத்த இடுக்கு வேண்டும். கதவடியில் ஈரத் துணி சுருட்டி வைப்பது நிறையவே உதவும். அதற்கு மேல் நேரம்தான் மருந்து. தகரக் கூரை வீடாக இருந்தால் மே நடுவிலிருந்து அக்டோபர்வரை நினைக்கவே வேண்டாம். மழை இல்லாத நாளிலும் உச்சி வெயிலில் தகரம் விரிந்து ‘டிக் டிக்’ என்னும். உங்களுக்கு மேலே இன்னும் மாடி இருக்கிறது, அதனால் மழை பொறுத்துக்கொள்ளும்.

ஃபேன் இல்லாமல் மெத்தை நடுவில் 10 நிமிடத்துக்கு மேல் யாராலும் பாட முடியாது. ஒரு பதிகத்தை இரண்டு, மூன்று துண்டாகவே எடுங்கள். குரல் தளர்ந்த பிறகு பாடிய வரி காதில் தனியாகத் தெரியும்.

ஜால்ரா: போன் மைக் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கேட்கும், ஆகவே அளவைத் தூரத்தால்தான் சரிசெய்ய வேண்டும். பாடுபவர் 1 சாண், ஆர்மோனியம் ஒன்றரை மீட்டர், ஜால்ரா 3 மீட்டர், முடிந்தால் வாசல்படிக்கு அந்தப் பக்கம். விளிம்பு படாமல் முகத்தோடு முகம் மெதுவாகத் தொடச் சொல்லுங்கள், உயர் ஒலிக் கூர்மை குறையும்.

உண்மையைச் சொன்னால் பிள்ளைகள் பழகுவதற்கு ஜால்ராவே வேண்டாம். வரி எங்கே மடிகிறது என்று குரலிலிருந்து தெரிந்துகொள்ளட்டும்.

*

தாம்வேக்காரன் எழுதியது:

இரண்டு அண்ணன்மாருக்கும் நன்றி. மெயினை இறக்கி நடு அறையில் மெத்தை வைத்துச் சோதித்தேன். ‘ம்ம்ம்’ இல்லை, கிணறும் இல்லை. ஹெட்போன் ஓட்டை உள்ள போனில் ‘அன்ப்ராசஸ்டு’ இருக்கிறது, ஆர்மோனியம் இப்போது சீராக நிற்கிறது. ஆனால் அந்தப் போனின் சொந்த மைக்கில் லேசான ‘ஸ்ஸ்ஸ்’ உண்டு. பணம் இன்னும் அப்படியே இருக்கிறது. மைக் வாங்கலாமா, வேறு எதாவது வாங்கலாமா? ஆர்மோனியத்தைத் தனியாகப் பதிந்து சேர்க்கலாமா?

*

ஈயக்கம்பி எழுதியது:

இப்போது வாங்கலாம். விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது, ஆகவே வரிசையை மட்டும் சொல்கிறேன்.

முதலில் காதை மூடுகிற வயர் ஹெட்போன். புளூடூத் வேண்டாம், தாமதமாகக் கேட்கும். மைக்கைவிட இதற்கு முதலிடம் தருவதற்குக் காரணம், கோளாறு உங்கள் காதில் விழாவிட்டால் எதைத் திருத்துவீர்கள்?

இரண்டாவது வயர் உள்ள காலர் மைக். போயா பிஒய்-எம்1 போன்றது போதும். 6 மீட்டர் வயர், நடுவில் போன்/கேமரா சுவிட்ச். போனில் செருகும்போது சுவிட்ச் போன் பக்கம் இருக்கட்டும். உள்ளே இருக்கிற எல்ஆர்44 பேட்டரி கேமராவுக்கு மட்டும்தான், போனுக்கு அது தேவையில்லை. போலிகள் ஏராளம், கடையிலேயே செருகிப் பதிந்து கேட்டு வாங்குங்கள்.

வாங்கும்போது பிளக்கைப் பாருங்கள். கறுப்பு வளையம் 3 இருந்தால் போனுக்கானது. 2 இருந்தால் கேமராவுக்கானது, போனில் செருகினால் போன் அதைக் கண்டுகொள்ளாது. மோசமான விஷயம், கண்டுகொள்ளவில்லை என்று சொல்லவும் சொல்லாது. தன் சொந்த மைக்கிலேயே சத்தமில்லாமல் பதிந்துவிடும், நீங்கள் முழுப் பதிகத்தையும் முடித்த பிறகுதான் தெரியும். ஒவ்வொரு தடவையும் பதிவுக்கு முன் காலர் மைக்கை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள், முள் துள்ள வேண்டும். பிறகு போனின் அடியைச் சுரண்டுங்கள், துள்ளக் கூடாது.

யூஎஸ்பி-சி போனுக்கு அடாப்டர் போட வேண்டியிருந்தால், சிப் உள்ள அடாப்டராக வாங்க வேண்டும். வெறும் வயர் அடாப்டர் சில போன்களில்தான் ஓடும். சிப் உள்ளதிலும் பாட்டுக் கேட்க மட்டும் உதவுபவை உண்டு, ஆகவே ஹெட்போன் வைத்துச் சோதித்து வாங்கி வராமல் மைக்கைச் செருகிச் சோதியுங்கள். உங்களிடம் ஓட்டை உள்ள போன் இருப்பதால் இந்தத் தலைவலி தேவையே இல்லை.

காலர் மைக் என்பதற்காகச் சட்டையில்தான் மாட்ட வேண்டும் என்று சட்டமில்லை. பாட்டுக்கு மாட்டவே கூடாது. டீச்சரின் சேலை மடிப்பும் சங்கிலியும் பாட்டைவிட நன்றாகப் பதியும். ஒரு மூங்கில் குச்சியை ஸ்டூல் காலில் கட்டி, நுனியில் மைக்கைக் கிளிப் செய்து, வாயோரம் ஒரு சாணில் நிறுத்துங்கள். வயரைக் குச்சியில் ஒரு சுற்றுச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டால் இழுபடாது.

வயர் இல்லாத மலிவு கிளிப் மைக்குகள் இப்போது நிறைய வருகின்றன. பலவற்றில் இரைச்சல் நீக்கி உள்ளேயே இருக்கிறது, பச்சை விளக்கு எரிந்தால் ஓடுகிறது, நீல விளக்கு என்றால் இல்லை என்று ஏதேதோ. ஆர்மோனியம் மறுபடி தேயும். அணைக்க முடியாத மைக் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

மீதிப் பணத்தில் ஒரு பென் டிரைவ். அவ்வளவுதான்.

*

மோல்மேன் சுருதிப்பெட்டி எழுதியது:

ஆர்மோனியத்தைத் தனியாகப் பதிவதுபற்றி: இரண்டு போனிலும் ஒரே நேரத்தில் பதியலாம், ஒன்று குரலுக்கு, ஒன்று ஆர்மோனியத்துக்கு. தொடக்கத்தில் இரண்டுக்கும் நடுவில் ஒரு கைத்தட்டு. ஆடாசிட்டியில் இரண்டு அலையிலும் அந்தத் தட்டின் முனை நேராக நிற்கும்படி நகர்த்தினால் சேர்ந்துவிடும். ஆனால் இரண்டு போனின் கடிகாரமும் ஒன்றாக ஓடாது. நிமிடத்துக்கு ஓரிரு மில்லி நொடி விலகினால் 10 நிமிடத்தில் பொருட்டில்லை, ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டால் ஆர்மோனியம் குரலுக்குப் பின்னால் இழுப்பது காதில் விழும். ஒவ்வொரு துண்டுக்கும் புதிதாகத் தட்டிக்கொள்ளுங்கள்.

இதைவிடச் சுத்தமான வழி ஒன்று: ஒரு போனில் தம்பூரா ஆப், ஹெட்போன் வழியாகப் பாடுபவரின் ஒரு காதுக்கு மட்டும். மறு காது திறந்திருக்கட்டும், இல்லாவிட்டால் சுருதி விலகும். மற்ற போனில் குரல் மட்டும் பதியும். சுருதியைப் பிறகு ஆடாசிட்டியில் கீழே ஒரு தடமாகச் சேர்த்து, குரலைவிட 15, 18 டெசிபல் தாழ்த்தி வையுங்கள். எங்கே வெட்டி ஒட்டினாலும் வெட்டு தெரியாது, ஏனென்றால் சுருதி இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஆர்மோனியம் குரலோடு சேர்ந்து பதிந்திருந்தால் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது.

*

பகோ டீச்சர் எழுதியது:

பதிவுக்குப் பிறகு ஆடாசிட்டியில் செய்ய வேண்டியதை யாரும் எழுதவில்லை, அதை எழுதுகிறேன். வரிசை முக்கியம் தம்பி, மாற்றிச் செய்தால் ஒன்று செய்ததை மற்றது கெடுக்கும்.

பதிவு தொடங்கும் முன் எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்து 10 நொடி அசையாமல் இருங்கள். அதுவும் பதியட்டும். தம்பூரா ஆப் ஹெட்போனில் ஒலித்தால்கூட அந்த 10 நொடி நிறுத்திவையுங்கள். இரைச்சல் மாதிரியில் சுருதி கலந்தால், பிறகு பாட்டிலிருந்தே சுருதியை உரித்துவிடும்.

மூலக் கோப்பைப் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஹை-பாஸ் ஃபில்டர் (சொன்ன அளவுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டுவது): ஐயாவுக்கு 80 ஹெர்ட்ஸ், டீச்சருக்கு 120, ரோல்-ஆஃப் 24 டெசிபல். தெருவில் போகிற பஸ்ஸின் அதிர்வும் மேசைத் தட்டலும் இதிலேயே பெரும்பாலும் போய்விடும்.

நாய்ஸ் ரிடக்ஷன்: அந்த 10 நொடியைத் தேர்ந்தெடுத்து ‘கெட் நாய்ஸ் ப்ரொஃபைல்’. பிறகு முழுத் தடத்தையும் தேர்ந்தெடுத்து 6 டெசிபல், சென்சிடிவிட்டி 6, ஸ்மூதிங் 3. இரைச்சல் இன்னும் கேட்கிறதே என்று 20, 24-க்கு ஏற்றுவார்கள். அப்போதுதான் தண்ணீருக்கடியில் பாடுவதுபோல் ‘குளுகுளு’ என்று வரும், கமகத்தின் வால் அறுந்துபோகும். 6 போதாவிட்டால் 9. 12-க்கு மேல் தேவைப்பட்டால் பதிவையே மறுபடி எடுங்கள், அது குறைந்த வேலை.

மெத்தை நெருக்கத்தில் குரல் கொஞ்சம் கனத்து அடைத்ததுபோல் தெரிந்தால் ஈக்யூவில் 250, 300 ஹெர்ட்ஸ் பக்கம் 2, 3 டெசிபல் இறக்குங்கள். பாஸ் ஏற்றாதீர்கள். பிள்ளைகள் போன் ஸ்பீக்கரில்தான் கேட்பார்கள், அந்தச் சின்ன ஸ்பீக்கர் அடித்தொனியைத் தரவே தராது. ஏற்றிய பாஸ் ஸ்பீக்கரைப் பொரிய வைக்கும், அவ்வளவே.

கம்ப்ரெசர் (உரத்த இடத்தை அமுக்குகிற கருவி) 2:1, மைனஸ் 18-லிருந்து. பழைய ஆடாசிட்டியில் ‘மேக்-அப் கெயின்’ டிக் தானாக விழுந்திருக்கும், எடுத்துவிடுங்கள்.

லவுட்னஸ் நார்மலைசேஷன் மைனஸ் 16, மோனோவுக்கான டிக் இருக்கட்டும். 12 பதிகமும் ஒரே அளவில் ஒலிக்க இதுதான் வழி. கண்ணால் பார்த்து அலை உயரத்தைச் சமமாக்கினால், டீச்சர் குரல் ஒரு அளவாகவும் ஐயா குரல் ஒரு அளவாகவும்தான் கேட்கும். கடைசியில் லிமிட்டர் மைனஸ் 1.5.

இனி பிள்ளைகளுக்கு. ஒரு பதிகத்தை ஒரே கோப்பாகத் தராதீர்கள். பதிகத்துக்கு 10, 11 பாட்டு, பாட்டுக்கு ஒரு கோப்பு. ‘03-07’ என்று எண்ணாலேயே பெயர் வையுங்கள், மூன்றாம் பதிகம் ஏழாம் பாட்டு. தமிழ் எழுத்துப் பெயர் சில பழைய போன்களில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

ஒவ்வொரு வரிக்குப் பின்னும் அந்த வரியின் நீளம் எவ்வளவோ அவ்வளவும், கூட 1 நொடியும் இடைவெளி விடுங்கள், பிள்ளை திருப்பிப் பாடுவதற்கு. அந்த இடைவெளியில் குரல்தான் இருக்கக் கூடாது, சுருதி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முழு அமைதியாக விட்டால் பிள்ளை தன் இஷ்டத்துக்குக் கட்டையை இறக்கிக்கொள்ளும்.

எம்பி3, மோனோ, 96 கேபிபிஎஸ். நிமிடத்துக்கு 0.7 எம்பி. வைபரில் குரல் செய்தியாக அனுப்பினால் நசுக்கிவிடும், கோப்பாக இணைத்து அனுப்புங்கள்.

*

மோல்மேன் சுருதிப்பெட்டி எழுதியது:

பகோ டீச்சர் சொன்னதில் கம்ப்ரெசர் ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. வரி முடிவில் குரலை மெல்ல இழைத்து இறக்குகிற இடத்தை அது தூக்கி நிறுத்திவிடும், மூச்சு வாங்குவதும் பெரிதாகக் கேட்கும். பேச்சுக்குச் சரி. பாட்டுக்கு என்வலப் கருவியால் உரத்த இடங்களை மட்டும் கையால் 3, 4 டெசிபல் இறக்கலாம். ஒரு பாட்டுக்கு 5 நிமிட வேலை.

*

பகோ டீச்சர் எழுதியது:

12 பதிகத்துக்கு 120-க்கு மேல் கோப்பு ஐயா. 5 நிமிடம் என்றால் 10 மணி நேரத்துக்கு மேல். நேரமிருந்தால் நீங்கள் சொல்வதுதான் உயர்ந்தது. பிள்ளைகள் பஸ்ஸில் போகும்போது போனைக் காதில் வைத்துக் கேட்கப் போகிறார்கள், இழைத்து இறக்குகிற வால் பஸ் சத்தத்தில் எப்படியும் கேட்காது. 2:1-ஐத் தாண்டாமல் இருந்தால் பாவமில்லை.

*

தாம்வேக்காரன் எழுதியது:

கடைசியாக ஒரு சந்தேகம். டீச்சர் ஆர்மோனியத்தின் 5 கட்டைக்குப் பழகியவர். தம்பூரா ஆப்பிலும் 5 கட்டைதான் வைத்தோம், ஆனால் சேர்த்துக் கேட்டால் ஏதோ உறுத்துகிறது.

*

மோல்மேன் சுருதிப்பெட்டி எழுதியது:

ஆப் 440 ஹெர்ட்ஸை அடிப்படையாக வைத்திருக்கும். பழைய ஆர்மோனியத்தின் ரீடு (உள்ளே அதிர்கிற உலோக நாக்கு) அதோடு ஒத்துப்போகாது, தூசியும் துருவும் சேர்ந்தால் இன்னும் விலகும்.

ஆப்பையும் ஆர்மோனியத்தையும் ஒன்றாக ஸ-வில் ஒலிக்க விடுங்கள். ‘வோ… வோ… வோ’ என்று அலை எழும். நொடிக்கு எத்தனை அலை என்று எண்ணுங்கள். 5 கட்டை ஸ சுமார் 196 ஹெர்ட்ஸ், அந்த இடத்தில் நொடிக்கு ஒரு அலை என்றால் கிட்டத்தட்ட 9 சென்ட் (ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைக்கு இடையே 100 சென்ட்) விலகல், இரண்டு என்றால் 18. ஆப்பில் ‘ஃபைன் ட்யூன்’ இருக்கும், அதில் 5 சென்ட் ஏற்றிப் பாருங்கள். அலை மெதுவானால் அதே பக்கம் போங்கள், வேகமானால் எதிர்ப்பக்கம். நாலைந்து நொடிக்கு ஒரு அலை என்று வந்தால் போதும்.

அந்த எண்ணை ஆர்மோனியத்தின் மூடிக்குள் சாக்பீஸால் எழுதிவையுங்கள். ஐயாவின் 1 கட்டைக்குத் தனியாகப் பார்க்க வேண்டும், வேறு ரீடு, வேறு விலகல்.